பாஞ்சோவுக்குள் ஒரு மேளம் இருக்கிறது

போன மாதம் ஒரு தம்பி பழுது பார்க்க என்னிடம் பாஞ்சோவோடு வந்தார். கிடார்போல நீண்ட கழுத்தும், மேளம்போலத் தோல் கட்டிய உடலும் உள்ள தந்தி வாத்தியம் அது. "அண்ணா, மேலே போகப் போக சுருதி சேரவே மாட்டேங்குது." உறையைத் திறந்ததுமே காரணம் தெரிந்தது. தந்தி மாற்றும்போது, தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையான பிரிட்ஜ் கையோடு வந்துவிட, உடைந்துவிட்டது என்று நினைத்து உடனடிப் பசையால் ஒட்டிவிட்டார். நெம்பிப் பார்த்தேன், தோலும் கிழிந்தது.

கிடாரில் பிரிட்ஜ் பலகையோடு ஒட்டியிருக்கும். பாஞ்சோவிலோ இழுத்துக் கட்டிய தோலின் மேல் அது சும்மா நிற்கிறது. தந்திகளின் அழுத்தம்தான் பிடிமானம். ஆகவே தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். தோல் தொய்ந்தால் சுற்றியுள்ள திருகுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கம் முறுக்கினால் தோல் கிழியும். இன்று பெரும்பாலும் பிளாஸ்டிக் தோல்தான், ஆனாலும் அடிப்படையில் இது தந்தி கட்டிய மேளம்.

2009-இல், பாஞ்சோவை முன்னிறுத்திய பிரிட்டிஷ் குழுவான மம்ஃபோர்ட் அண்ட் சன்ஸின் முதல் ஆல்பம் வந்தது. 2013-இல் அவர்களுடைய இரண்டாவது ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. அமெரிக்காவில் அவெட் பிரதர்ஸ் குழுவும் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸும் அதற்கு முன்பே பாஞ்சோவை எடுத்திருந்தார்கள். இவர்களைக் கேட்டு வாங்குகிறவர்கள் பலர் இதை வேறு ஓசையுள்ள கிடார் என்றே நினைக்கிறார்கள். அங்கேதான் பழுது தொடங்குகிறது.

இதன் வேர் ஆப்பிரிக்காவில் இருக்கிறது. செனகல், காம்பியா பகுதி ஜோலா மக்களின் அகோன்டிங்கைப் பாருங்கள்: சுரைக்குடுக்கை, அதன்மேல் ஆட்டுத்தோல், கட்டைவிரலுக்கென்று ஒரு குட்டைத் தந்தி. பாஞ்சோவின் ஐந்தாம் தந்தியும் அப்படித்தான், பாதிக் கழுத்தில் தொடங்குகிறது. அடிமைகளாக்கி அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் நினைவில் சுமந்துபோன வடிவம் அது. பின்னாளில் வெள்ளையர்கள் முகத்தில் கரிபூசி மேடையில் அவர்களைக் கேலி செய்தபோதும் கையில் இதே வாத்தியம்தான். கறுப்பினத்தவரின் பாஞ்சோ என்ற நினைவே பிறகு மங்கிப்போனது. என்னைக் கேட்டால், உண்மையான மறுமலர்ச்சி 2005-இல் வடக்கு கரோலைனாவின் பூன் நகரில் நடந்த கறுப்பின பாஞ்சோ சங்கமம்தான். அங்கே சந்தித்த பாடகி ரியானன் கிடன்ஸும் நண்பர்களும், எண்பது வயதைக் கடந்த பிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் பாடம் கேட்டு, கரோலைனா சாக்லேட் டிராப்ஸ் குழுவைத் தொடங்கினார்கள். 2024-இல் பியான்சேயின் பாடலில் ஒலித்ததும் கிடன்ஸின் பாஞ்சோதான்.

தம்பிக்குப் புதுத் தோல் போட்டுக் கொடுத்தேன். பன்னிரண்டாம் கட்டையில் (ஃப்ரெட், கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) தந்தியை லேசாகத் தொட்டு ஒரு முறை, அழுத்தி ஒரு முறை மீட்டச் சொன்னேன். அழுத்தியது ஏறிக் கேட்டால் பிரிட்ஜைக் கழுத்திலிருந்து தள்ளி வைக்கவேண்டும், இறங்கிக் கேட்டால் கழுத்துப் பக்கம். இரண்டும் ஒன்றானதும், பிரிட்ஜின் மூன்று கால்கள் நின்ற இடத்திலும் அவரே பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டார்.