ஒருநாள் விட்டால் பழக்கம் போய்விடுமா?

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு ஊரெல்லாம் சுற்றுகிறது. இந்தக் கணக்கு பிறந்த இடம், மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960-இல் எழுதிய ஒரு குறிப்பு. முகத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்றார் அவர். ‘குறைந்தது’ வழியிலேயே விழுந்துவிட்டது. மூக்கு ஆபரேஷனுக்கும் காலை நடைக்கும் என்ன சம்பந்தம் என்றும் யாரும் கேட்கவில்லை.

அளந்து பார்த்தது லண்டன் யூனிவர்சிட்டி காலேஜின் ஃபிலிப்பா லாலி குழு. 96 பேர், 12 வாரம், ஆளுக்கு ஒரு சின்னச் செயல். யோசிக்காமல் தானாக வருகிறதா என்று அவரவரே தினமும் குறித்தார்கள். முடிவு 2010-இல் அச்சானது. பழக்கம் ஏறும் கோடு நன்றாகப் பொருந்திய 39 பேரில், அது படிய ஆன நாள்களின் நடுமதிப்பு 66. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. (84 நாள் ஆய்வில் 254 எப்படி வரும்? கோடு போகும் போக்கை வைத்துக் கணித்தது.) நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: நடுவில் ஒருநாள் விட்டவர்களின் வளர்ச்சி பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

காரணம் மூளையில் இருக்கிறது. அது நாள்களை எண்ணுவதில்லை. ஒரு தூண்டுதல், அதை ஒட்டி ஒரு செயல் என்று இரண்டும் சேர்ந்து வரும்போதெல்லாம், மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியில் அந்த இணைப்பு கொஞ்சம் கெட்டிப்படுகிறது. ஆரம்ப நாள்களில் வேகமாக ஏறும், பிறகு மெல்லத் தட்டையாகும். செய்யாத ஒரு நாள் இதில் பெரிதாக எதையும் அழிப்பதில்லை. அழிப்பது, ‘போச்சு, இனி அடுத்த மாதம் ஒண்ணாம் தேதியிலிருந்து’ என்ற முடிவு. ஆடி போகட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போடுவதில் நமக்கு நல்ல தேர்ச்சி உண்டு. புது வாரம், புது மாதம் தொடங்கும்போது ஜிம்முக்குப் போகிறவர்கள் கூடுவதை ஹெங்சென் டாய் என்ற ஆய்வாளரின் குழு 2014-இல் காட்டியது. அந்த உற்சாகத்துக்குத் தை வரை காத்திருக்க வேண்டாம், நாளைக் காலையே போதும் என்பது எங்கள் கட்சி.

எனவே தூண்டுதலைத் தேர்வதில்தான் பாதி வேலை. பலர் இடறுவதும் இங்கேதான். ‘தண்ணீர் பிடித்துவிட்டு நடக்கப் போவேன்’ என்று வேலூரில் வைத்துக்கொண்டால், குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் தெருவில் தூண்டுதலே பாதி நாள் வராது. ‘காலை ஆறு மணிக்கு’ என்பதும் அவ்வளவு உதவாது; மணியை நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும். தினமும் தவறாமல் நடக்கிற, முடிந்தது கண்ணுக்குத் தெரிகிற ஒன்று வேண்டும்: காப்பி டம்ளரைக் கழுவிக் கவிழ்ப்பது, வாசல் தெளித்துக் கோலம் முடிப்பது. டம்ளரைக் கவிழ்த்த கை ஈரம் காய்வதற்குள் செருப்பு மாட்டியிருக்க வேண்டும். நடுவில் போனை எடுத்தால் அந்த இணைப்பு போனுக்குப் போய்விடும்.

அளவு, முதல் சில வாரத்துக்கு 5 நிமிடம். வேலூர்க் கோட்டையைச் சுற்றி வரும் திட்டமெல்லாம் பிறகு. அரை மணி நேரம் என்று வைத்தால், தூக்கம் குறைந்த முதல் நாளே விட்டுப்போகும்.

இனி வெயில். மே மாதக் கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் மாலை நடை நிற்கத்தான் செய்யும். அதற்கு முன்கூட்டியே ‘இப்படியானால் இப்படி’ என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். இவ்வகைத் திட்டம் செயலை நிறைவேற்ற உதவுவதை ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். ‘மாலைக் காப்பி டம்ளரைக் கவிழ்க்கும்போது வெயில் சுட்டால், மாடிப்படி 5 தடவை ஏறி இறங்குவேன்.’ ‘நேற்று விட்டிருந்தால், இன்று 5 நிமிடம் மட்டும்.’ விட்டதைச் சேர்த்து 10 நிமிடமாக நடக்க வேண்டாம். அது தண்டனையாகிவிடும், நாளைக்குக் கால் எழாது.

வீடு மாறினால், வேலூருக்குள்ளேயே சாத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்குப் போனாலும், பழைய சூழல் தந்த தூண்டுதல்கள் குறையும். அந்த முதல் வாரத்தில் மறுபடி 5 நிமிடத்துக்கே இறங்குவது நல்லது.

பழக்கம் படிந்ததா என்று தெரிய நாள்காட்டி உதவாது. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தொடங்குமுன்பே தெருமுனைக்கு வந்திருந்தால், படிந்துவிட்டது. அதன்பின் வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டலாம்.