ஃபயர்வாலைப் பழைய பதிப்புக்குத் திருப்புவது ஏன் இவ்வளவு சிரமம்?

அலுவலக நெட்வொர்க்கின் வாசலில் உட்கார்ந்து, எதை உள்ளே விடலாம், எதைத் தடுக்க வேண்டும் என்று பார்க்கும் ஃபயர்வாலும் ஒரு கம்ப்யூட்டர்தான். அதற்குள் மூன்று விஷயங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. கீழே, மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் பூட்லோடர். அதற்கு மேல் இயங்குதளம். அதற்கும் மேல் நாம் எழுதிவைத்த விதிகள், விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் பாதுகாப்பான இணைப்பு) அமைப்புகள், பயனர் கணக்குகள் எல்லாம் அடங்கிய கான்ஃபிக். புதிய பதிப்புக்கு ஏறும் அப்கிரேட், பழையதற்குத் திரும்பும் டவுன்கிரேட், புதிதாக நிறுவும் ரீஇன்ஸ்டால் மூன்றையும் ஒரே வேலையின் மூன்று பெயர்கள் மாதிரி பலர் நினைக்கிறார்கள், ஆனால் ஒவ்வொன்றும் தொடுகிற அடுக்கு வேறு, தொடாமல் விட்டுவிடுகிற அடுக்கும் வேறு, சிக்கல் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் அப்கிரேட். புதிய மென்பொருள் கோப்பு பெட்டிக்குள் வந்ததும், அது தயாரிப்பாளரிடமிருந்துதான் வந்ததா, வழியில் யாரும் மாற்றவில்லையா என்று டிஜிட்டல் கையொப்பத்தை வைத்துச் சோதிக்கப்படுகிறது. அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் மேலேயே எழுதாமல், சும்மா இருக்கும் இன்னொரு பார்ட்டிஷனில் (சேமிப்பகத்தின் தனிப் பகுதியில்) அதை எழுதுகிறார்கள். ஃபோர்டிகேட், பாலோ ஆல்டோ, ஜூனிப்பர் என்று பல பெட்டிகளில் இப்படி இரட்டைப் பார்ட்டிஷன் உண்டு. அடுத்த ரீபூட்டில் எந்தப் பக்கத்திலிருந்து எழ வேண்டும் என்ற குறியை மட்டும் மாற்றினால் போதும், பழைய பதிப்பு அந்தப் பக்கம் அப்படியே கிடக்கும். இரண்டு ஃபயர்வால்கள் ஜோடியாக இருந்தால் காத்திருக்கும் பெட்டியை முதலில் ஏற்றிவிட்டு, பொறுப்பை அதனிடம் கொடுத்த பிறகு மற்றதைத் தொடுவார்கள்.

பழையது அப்படியே இருக்கிறதென்றால் திரும்பிப் போவதும் சுலபம்தானே என்று தோன்றும். கான்ஃபிக்தான் குறுக்கே நிற்கிறது. புதிய பதிப்பு எழுந்ததும் பழைய கான்ஃபிக்கைப் படித்து, தன்னுடைய இலக்கணத்துக்கு மாற்றி எழுதிக்கொள்கிறது. பழையதைப் படிக்கப் புதியதற்குத் தெரியும், ஏனென்றால் அதை எழுதியவர்கள் முன்னால் என்ன இருந்தது என்று அறிந்தவர்கள். பழையதற்கோ, தான் வெளிவந்த பிறகு கண்டுபிடிக்கப்பட்ட அமைப்பு எதுவும் தெரிய வழியில்லை. கடவுச்சொல்லைச் சேமிக்கும் முறை இடையில் மாறியிருந்தால் அட்மினே உள்ளே நுழைய முடியாமல் போகலாம். ஃபோர்டிகேட்டில் டவுன்கிரேட் செய்தால் பெரும்பாலான அமைப்புகள் போய்விடும், அப்கிரேடுக்கு முன் எடுத்த பேக்கப்தான் காப்பாற்றும். நடுப் பதிப்புகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதும் இதனால்தான்: மொழிபெயர்ப்பு ஒவ்வொரு படியிலும் நடக்க வேண்டும், ஒரு படியை விட்டால் சில விதிகள் சத்தமில்லாமல் காணாமல் போகலாம். ஃபயர்வாலில் ஒரு விதி காணாமல் போவது சாதாரண விஷயமே அல்ல.

சரி, ரீஇன்ஸ்டால்? ஃபேக்டரி ரீசெட் வேறு, இது வேறு. பல பெட்டிகளில் ரீசெட் கான்ஃபிக்கை மட்டும் அழிக்கும், இயங்குதளம் அப்படியே இருக்கும். உண்மையான ரீஇன்ஸ்டால் என்றால் பெட்டியோடு நேரடியாகப் பேச உதவும் கன்சோல் கேபிளைச் செருகி, பூட்லோடர் மெனுவில் நுழைந்து, ஃபிளாஷ் என்ற சேமிப்பகத்தை ஃபார்மட் செய்து, டிஎஃப்டிபி என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாகவோ யுஎஸ்பியிலிருந்தோ மென்பொருளைப் புதிதாக இறக்குவது. சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு அண்மைக் காலத்திலேயே வலுவான சான்றுகள் இருக்கின்றன.

2025 ஏப்ரலில், ஃபோர்டிகேட்டைத் தயாரிக்கும் ஃபோர்டினெட் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பழைய ஓட்டைகள் வழியாக நுழைந்தவர்கள், எஸ்எஸ்எல் விபிஎன் என்ற விபிஎன் வகையின் மொழிக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரில், பெட்டியின் மூலக் கோப்பு அமைப்புக்கு (ரூட் ஃபைல் சிஸ்டம்) ஒரு குறுக்கு இணைப்பைப் (சிம்லிங்க்) போட்டுவைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டர் அப்கிரேட் தொடாத பயனர் பகுதியில் இருப்பதால், ஓட்டையை அடைக்கும் அப்கிரேடுக்குப் பிறகும் இணைப்பு நீடித்தது. திருடன் நுழைந்த ஜன்னலை அடைத்துவிட்டோம், அவன் செய்து வைத்துக்கொண்ட கள்ளச்சாவியோ இன்னும் வேலை செய்கிறது.

அதைவிடக் கீழே போனால் நிலைமை மோசமாகிறது. 2025 செப்டம்பரில் வெளிவந்த தாக்குதலில், செக்யூர் பூட் வசதி இல்லாத பழைய சிஸ்கோ ஏஎஸ்ஏ 5500-எக்ஸ் பெட்டிகள் சிலவற்றில் பூட்லோடரையே மாற்றியிருந்தார்கள். ரீபூட், மென்பொருள் அப்கிரேட் இரண்டையும் தாண்டி அது நிலைத்தது. பூட்லோடர் பொய் சொன்னால் அதற்கு மேலே நாம் எதை நிறுவினாலும் நம்ப முடியாது, அதனால்தான் சிப்பிலிருந்தே கையொப்பச் சோதனையைத் தொடங்கும் செக்யூர் பூட் அவ்வளவு முக்கியம் என்கிறேன். 2023 ஜூனில் பாரகுடா நிறுவனம், தாக்கப்பட்ட தன்னுடைய மின்னஞ்சல் பாதுகாப்புப் பெட்டிகளை, எந்தப் பதிப்பு ஓடினாலும் சரி, கழற்றிவிட்டு வேறு பெட்டி மாற்றச் சொன்னது.

தாக்குதலுக்குப் பிறகு ரீஇன்ஸ்டால் செய்பவர்கள் பேக்கப்பை அப்படியே ஏற்றிவிடக் கூடாது. ஊடுருவியவர் உருவாக்கிய அட்மின் கணக்கும், அவர் திறந்துவைத்த விதியும் அந்தக் கோப்புக்குள்ளேயே இருக்கலாம். ஏற்றும் முன் கணக்குகளின் பட்டியலையும் வெளியிலிருந்து உள்ளே அனுமதிக்கும் விதிகளையும் வரிவரியாகப் பாருங்கள், அப்புறம் கடவுச்சொற்கள், விபிஎன் ரகசியச் சாவிகள், சான்றிதழ்கள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுங்கள்.