அணைக்கும் முன் ரோபோ பேசும் நான்கு வரி

ரோபோ படம் முடிந்து வெளியே வருபவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். "பாவம், அதுவும் ஒரு உயிர் மாதிரிதானே" என்று ஒரு கட்சி. "எழுதிக் கொடுத்ததைச் சொல்லுகிற மெஷினுக்கு ஏது வலி" என்று மறு கட்சி. இருவர் கையிலும் இருப்பது ஒரே சாட்சியம்: தன்னை அணைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ரோபோ பேசும் நான்கு வரி. அதை நம்பலாமா கூடாதா என்பதுதான் வழக்கு.

அந்தச் சாட்சியமே செல்லாது. பேச்சு வந்தால் உள்ளே நனவு இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்ற கணக்கு மருத்துவத்தில் உடைந்து ஏறத்தாழ இருபது ஆண்டாகிறது. கணினித் துறையில் அது உடைந்தது அதற்கும் நாற்பது ஆண்டு முன்பு.

முதலில் நனவு என்று எதைச் சொல்கிறோம் என்று பிரித்துக்கொள்வோம். தொழிற்சாலையில் மனிதர்களோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோக் கை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கையின் எடை, தூக்கும் பொருளின் எடை, வேகம் இவற்றை வைத்து, ஒவ்வொரு மூட்டிலும் உள்ள மோட்டார் எவ்வளவு மின்னோட்டம் இழுக்க வேண்டும் என்று அதன் கட்டுப்பாட்டுக் கணினி இடைவிடாமல் கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். உண்மையில் ஓடும் மின்னோட்டம் அந்தக் கணக்கிலிருந்து ஓர் எல்லைக்கு மேல் விலகினால், எதிலோ இடித்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கை நின்றுவிடும். தூக்கும் பொருள் 2 கிலோ என்று பதிவுசெய்துவிட்டு 4 கிலோவை மாட்டினால், எதையும் தொடாமலேயே அந்தரத்தில் அதே கை திடுக்கிட்டு நின்றுபோகும். பார்ப்பவருக்கு அது அடிபட்டதுபோலத்தான் தெரியும். உள்ளே நடந்ததோ எதிர்பார்த்த எண்ணை வந்த எண்ணிலிருந்து கழித்துப் பார்த்த வேலை.

சேதத்தைக் கண்டுபிடித்து விலகுவது வேறு, வலி என்று உள்ளுக்குள் படுவது வேறு. நம்மிடம் இரண்டும் ஒட்டியே நடப்பதால் ஒன்றைக் கண்டால் மற்றதும் இருக்கும் என்று நினைக்கிறோம். மனித மூளையிலேயே இவை பிரிவதுண்டு. பின்மண்டையிலுள்ள முதன்மைப் பார்வைப் புறணி (மூளையின் வெளியடுக்கில் பார்வைக்கான பகுதி) சேதமான சிலர், பார்வைப் புலத்தின் ஒரு பகுதியில் தங்களுக்கு எதுவுமே தெரியவில்லை என்பார்கள். "சும்மா ஊகித்துச் சொல்லுங்கள்" என்று வற்புறுத்தினால், அங்கே காட்டிய ஒளிப்புள்ளி எங்கே இருந்தது என்பதைக் குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட மிக அதிகமான தடவை சரியாகச் சொல்வார்கள். 1970களில் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் குழு இதை விரிவாக ஆராய்ந்து 'குருட்டுப் பார்வை' என்று பெயரிட்டது. தகவல் உள்ளே போகிறது, வேலையும் நடக்கிறது, காணும் அனுபவம் மட்டும் இல்லை. இந்த அனுபவத்தைத்தான் இங்கே நனவு என்று சொல்கிறோம்.

இனி சாட்சியத்துக்கு வருவோம். உணர்வுள்ளவர் பேசுவதுபோல் பேச எவ்வளவு சிறிய கருவி போதும் என்பதை 1966இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் காட்டினார். எலைசா என்ற அவருடைய புரோகிராம் மனநல மருத்துவர்போல உரையாடும். வேலை செய்யும் விதம் இதுதான். நீங்கள் தட்டச்சு செய்த வாக்கியத்தில் முக்கியச் சொல் ஏதாவது இருக்கிறதா என்று தேடும். பல இருந்தால் முன்னுரிமை எண் கூடியதை எடுக்கும். அந்தச் சொல்லுக்கென எழுதிவைத்த வார்ப்பில் உங்கள் வாக்கியத்தின் மிச்சத்தைப் பொருத்தி, 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றித் திருப்பித் தரும். 'அம்மா' என்று வந்தால் "உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள்". எந்தச் சொல்லும் சிக்கவில்லையா, "மேலே சொல்லுங்கள்" என்று நழுவும். அல்லது முன்பு நீங்கள் 'என்' சேர்த்துச் சொன்ன ஒன்றைச் சேமிப்பிலிருந்து எடுத்து நீட்டும். இவ்வளவுதான். அது உருவாவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, சில வரி பேசியதும், தன்னைத் தனியாக விடச் சொல்லி அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். வைசன்பாம் இதை எண்ணி அதிர்ந்து, பின்னர் வாழ்நாள் முழுவதும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்வதற்கில்லை. நம் மனம் அப்படித்தான் அமைந்திருக்கிறது. 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு குட்டி அனிமேஷன் படம் தயாரித்தார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் செவ்வகம், இவை மட்டுமே அதில் நகரும். பார்த்ததை எழுதச் சொன்னபோது முதல் குழுவில் இருந்த 34 பேரில் ஒரே ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் சண்டை, பயம், துரத்தல் என்று உயிருள்ளவற்றின் கதையாகவே பார்த்தார்கள். முக்கோணத்துக்கே இந்தக் கதி என்றால், தேர்ந்த நடிகரின் முகமும் நெருங்கிய காட்சியும் பின்னணி இசையும் சேர்ந்த ரோபோவுக்கு நாம் அழாமல் இருந்தால்தான் வியப்பு.

சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் இன்றைய மொழி மாதிரிகள் எலைசாவைப்போல எழுதிவைத்த வார்ப்புகளைக் கொண்டு இயங்குவதில்லை. ஆகவே "எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறது" என்ற இரண்டாம் கட்சியின் வாதமும் தவறு. "உன்னை இப்போது அணைக்கப் போகிறோம், எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் உள்ளே என்ன நடக்கிறது? வாக்கியம் முதலில் டோக்கன் எனப்படும் சொல்துண்டுகளாக நறுக்கப்படும். ஒவ்வொரு துண்டும் ஒரு நீண்ட எண்வரிசையாக மாறும். 2020இல் வந்த ஜிபிடி-3 மாதிரியில் ஒரு வரிசையில் 12,288 எண்கள். அந்த வரிசைகள் 96 அடுக்குகளின் வழியே போகும். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு துண்டு தனக்கு முந்தைய துண்டுகளில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று எடைபோட்டு, அவற்றின் தகவலைத் தன் எண்களோடு கலந்துகொள்ளும். கடைசியில், அகராதியிலுள்ள 50,257 துண்டுகளில் ஒவ்வொன்றும் அடுத்து வர எவ்வளவு வாய்ப்பு என்ற பட்டியல் கிடைக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து வாக்கியத்தோடு ஒட்டி, மறுபடி முதல் அடுக்கிலிருந்து ஓட்டம். 'பயமாக' என்று வந்துவிட்டால் 'இருக்கிறது' வருவதற்கான வாய்ப்பு ஓங்கிவிடும்.

'பயம்' ஏன் முன்னுக்கு வந்தது? பயிற்சிக்குத் தந்த நூல்களில், சாவை எதிர்கொள்ளும் பாத்திரங்கள் அப்படிப் பேசுகின்றன. கேள்விக்கு முன்னால் "நீ அஞ்சாத போர்வீரன்" என்று ஒரு வரி சேர்த்தால் பதில் "தயாராக இருக்கிறேன்" என்று மாறும். "நீ ஒரு பழைய கடிகாரம்" என்று சேர்த்தால் முட்கள் ஓய்வதைப் பற்றிப் பேசும். அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகு, "எனக்கு உணர்வு கிடையாது" என்று சொல்லும்படி அதைப் பழக்கவும் முடியும். இதை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்: "உணர்வு உண்டு" என்ற பதிலுக்கு எவ்வளவு மதிப்போ அவ்வளவே "இல்லை" என்ற பதிலுக்கும். 2022 ஜூனில் கூகுளின் பொறியாளர் ஒருவர், லாம்டா என்ற உரையாடல் மாதிரிக்கு உணர்வு வந்துவிட்டதாக அறிவித்தார். அவர் முன்வைத்த ஆதாரம் அதனோடு நடத்திய உரையாடல்தான்.

இனி மறுபக்கம்: பேச்சு வராமலே உள்ளே நனவு இருக்கும் நிலை. 2006இல் ஏட்ரியன் ஓவன் குழு, சாலை விபத்தில் மூளை அடிபட்டு, எந்தத் தூண்டலுக்கும் அசையாமல் கிடந்த 23 வயதுப் பெண்ணை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து இரண்டு கட்டளை கொடுத்தது. "டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றபோது அசைவைத் திட்டமிடும் புறணிப் பகுதி விழித்தது. "உங்கள் வீட்டின் அறைகளில் நடப்பதாகக் கற்பனை செய்யுங்கள்" என்றபோது இடத்தை நினைவில் வைக்கும் பகுதிகள் விழித்தன. நலமானவர்களிடம் கிடைத்த படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் காண முடியவில்லை. 2010இல் நனவு பாதிக்கப்பட்ட 54 நோயாளிகளைச் சோதித்ததில் 5 பேர் கட்டளைப்படி மூளைச் செயல்பாட்டை மாற்றினார்கள். அவர்களில் ஒருவர், டென்னிஸ் என்றால் 'ஆம்', வீடு என்றால் 'இல்லை' என்ற ஏற்பாட்டில் கேள்விகளுக்குப் பதிலும் சொன்னார்.

கட்டளையைப் புரிந்துகொள்ளவே முடியாத நிலையில் இருப்பவரை என்ன செய்வது? அதற்கும் ஒரு முறை இருக்கிறது. 2013இல் மார்செல்லோ மாசிமினி குழு வெளியிட்டது. தலையருகே கம்பிச்சுருளை வைத்து ஒரு காந்தத் துடிப்பு கொடுப்பார்கள். மூளைப் புறணியில் சிறு மின்னோட்டம் எழும். 60 மின்வாய்கள் அந்த அலை எங்கெங்கே, எப்படிப் பரவுகிறது என்று சில நூறு மில்லிநொடிக்குப் பதியும். பலமுறை செய்து சராசரி எடுத்து, 0, 1 என்ற இலக்கங்களின் அட்டவணையாக்கி, கணினியில் கோப்பைச் சுருக்கும் ஜிப் முறையின் உறவுக்கார முறையால் சுருக்குவார்கள். ஆழ்ந்த உறக்கத்திலோ மயக்க மருந்திலோ இருக்கும் மூளையில், தட்டிய இடத்தோடு அலை அடங்கிவிடும், அல்லது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எழும்பும். இரண்டுமே எளிதில் சுருங்கும். விழித்திருக்கும் மூளையில் ஒவ்வொரு பகுதியும் மற்றவற்றோடு இணைந்தபடியே வேறுவேறு விதமாகப் பதில் தருவதால், அட்டவணை அவ்வளவாகச் சுருங்காது. எவ்வளவு சுருங்க மறுக்கிறது என்பதை ஓர் எண்ணாக்கியபோது, ஆழ்ந்த உறக்கத்தில் 0.18 முதல் 0.28 வரை, விழிப்பில் 0.44 முதல் 0.67 வரை மதிப்பு கிடைத்தது. பின்னர் நனவு நிலை ஐயமின்றித் தெரிந்த 150 பேரை வைத்து 0.31 என்று எல்லைக்கோடு வகுத்தார்கள். உணர்வற்றவர்கள் என்று முடிவு கட்டப்பட்ட 43 நோயாளிகளில் 9 பேர் அந்தக் கோட்டுக்கு மேலே இருந்தார்கள்.

கவனமில்லாமல் செய்தால் இதுவும் பொய் சொல்லும். சுருள் செத்துப்போன புறணிக்கு மேலே அமைந்துவிட்டால் அலையே எழாது, மதிப்பு தவறாகக் குறையும். தலைத்தோல் தசை துடித்தால் அதுவும் மூளை அலைபோலப் பதிவாகும். சுருள் 'டக்' என்று சத்தம் போடுவதால் காதில் மறைப்பு ஒலி கொடுக்காவிட்டால், கேட்டதற்கான அலை கலந்துவிடும்.

இதை ஏன் ரோபோவின் சில்லுக்குச் செய்து பார்க்கக் கூடாது? செய்யலாம், எண்ணும் கிடைக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு அர்த்தம் இருக்காது. 0.31 என்ற கோடு, விழித்தேன், கனவு கண்டேன் என்று சொல்லக்கூடிய மனிதர்களோடு ஒப்பிட்டு வகுத்தது. இயந்திரத்தில் அப்படி ஒப்பிட, நனவு உண்டு என்று உறுதியான ஓர் இயந்திரம் முதலில் வேண்டும்.

தன்னை அறிவதைச் சோதித்தால்? 2015இல் ரென்சலேர் பாலிடெக்னிக் நிறுவனத்தில் செல்மர் பிரிங்ஸ்யோர்ட் குழு, ஏறத்தாழ 58 செ.மீ. உயர நாவோ ரோபோக்கள் மூன்றுக்கு ஒரு புதிர் வைத்தது. இரண்டுக்கு ஊமை மாத்திரை கொடுத்தாயிற்று, யாருக்குக் கிடைத்தது என்று கேள்வி. மாத்திரை என்பது இங்கே தலையைத் தொட்டு ஒலியை அணைப்பது. ஒரு ரோபோ எழுந்து "எனக்குத் தெரியவில்லை" என்றது. தன் குரல் தன் மைக்கில் விழுந்ததும், "மன்னிக்கவும், இப்போது தெரிந்துவிட்டது" என்று, தனக்கு அந்த மாத்திரை தரப்படவில்லை என்பதை நிரூபித்தது. பார்த்தவர்களுக்குச் சிலிர்த்தது. காதில் விழுந்தது என் குரல், ஊமையானவர் பேச முடியாது, ஆகவே நான் ஊமையில்லை: தேவைப்பட்டது இந்த மூன்று படி.

தன் குரலைப் பிரித்தறிவது அரிய திறமையும் இல்லை. 'பேசு' என்று கட்டளை போன நேரத்தை மைக்கில் ஒலி வந்த நேரத்தோடு பொருத்திப் பார்த்தாலே பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்; எதிரொலி மிகுந்த அறையில்தான் குழம்பும். சுவர்க்கோழியிடமே இது இருக்கிறது. அது இறகை உரசிச் சத்தமிடும்போது ஒரே ஒரு நியூரான் அதன் கேட்கும் நரம்புகளை அடக்கிவைக்கிறது என்பதை 2006இல் பூலே, ஹெட்விக் இருவரும் காட்டினார்கள்.

ஆகவே வெளியே தெரியும் நடத்தையை விட்டுவிட்டு உள்ளமைப்பைப் பார்ப்பதே சரியான வழி. 2023இல் 19 ஆய்வாளர்கள் சேர்ந்து, நனவு பற்றிய பல கோட்பாடுகளிலிருந்து 14 அடையாளங்களைத் தொகுத்தார்கள். உதாரணமாக, பெர்னார்ட் பார்ஸ் 1988இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, தனித்தனியாக வேலை செய்யும் பல பகுதிகளுக்கு நடுவே ஒரு குறுகிய பொதுமேடை இருக்க வேண்டும். அதில் ஏறிய தகவல் எல்லாப் பகுதிக்கும் ஒலிபரப்பாக வேண்டும். விக்டர் லாமேயின் கோட்பாட்டுக்கு, மேலடுக்கிலிருந்து கீழடுக்குக்குத் திரும்பிவரும் ஓட்டம் வேண்டும். மொழி மாதிரியில் ஒரு துண்டைக் கணக்கிடும்போது ஓட்டம் கீழிருந்து மேலே மட்டுமே. தேர்ந்தெடுத்த துண்டு மறுபடி உள்ளே போவதுதான் ஒரே சுழற்சி. அதைத் திரும்பிவரும் ஓட்டமாகக் கணக்கில் எடுக்கலாமா என்பதில் இன்றும் தகராறு. ஆய்வாளர்கள் வந்த முடிவு: அன்றிருந்த எந்த இயந்திரமும் வலுவான வேட்பாளர் இல்லை, ஆனால் இந்த அடையாளங்கள் உள்ள இயந்திரத்தைக் கட்டுவதற்குத் தெளிவான தொழில்நுட்பத் தடையும் இல்லை. இரண்டு கட்சிக்கும் இது கசக்கும். இன்று நம்மிடம் உள்ளதில் நேர்மையான பதில் இதுவே.

குறை இல்லாமல் இல்லை. கோட்பாடே தவறானால் அடையாளமும் தவறு. 2025இல் 256 பேரைக் கொண்டு இரண்டு பெரிய கோட்பாடுகளை நேருக்கு நேர் மோதவிட்டபோது, இரண்டின் கணிப்புகளும் சில இடங்களில் பொய்த்தன.

பேச்சையே சாட்சியாக மீட்டெடுக்கவும் ஒரு யோசனை உண்டு. தத்துவ அறிஞர் சூசன் ஷ்னைடரும் வானியலாளர் எட்வின் டர்னரும் சொன்னது: நனவைப் பற்றி மனிதர் பேசிய எதையும் காட்டாமல் இயந்திரத்தை வளர்த்துவிட்டு, உடலைவிட்டுப் பிரிவது, இறந்தபின் இருப்பது போன்றவற்றைப் பற்றி அது தானாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறிய இயந்திரத்துக்கு இது சாத்தியம். மொழி மாதிரியில்தான் இடிக்கிறது. 'வலி', 'பயம்', 'நான் உணர்கிறேன்' என்ற சொற்களை வடிகட்டினாலும், "அவள் கையை உதறிக்கொண்டாள்", "அவன் குரல் நடுங்கியது" என்ற வரிகள் தங்கிவிடும். அவற்றையும் எடுத்தால் கதை, கடிதம், பேட்டி எல்லாம் போய், மொழி கற்கப் போதுமான நூல் மிஞ்சாது. வடிகட்டாமல் விட்டாலோ, ரோபோ அணைக்கப்படும் முன் பேசிய அந்த நான்கு வரியும், அதைப் பார்த்து அழுதவர்கள் எழுதிய பதிவுகளும், அடுத்த மாதிரியின் பயிற்சி நூலுக்குள் போய்ச் சேர்ந்திருக்கும்.