இடமா, வலமா? கொழும்புக்குக் கப்பலில் வருகிறவர் எந்தப் பக்கத்து அறையை எடுப்பது

சென்னையிலிருந்து கொழும்புக்கு உல்லாசக் கப்பலில் வருகிறவருக்குக் கரை வலப்பக்கம் தெரியும். கொச்சியிலிருந்து வருகிறவருக்கு இடப்பக்கம். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஊர்களும் கொழும்புக்கு வடக்கேதான் இருக்கின்றன, வந்து சேர்வதும் ஒரே துறைமுகத்துக்குத்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

தலைமன்னாருக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே கிடக்கும் மணல்திட்டுகள்தான் காரணம். இராமர் பாலம், ஆதாம் பாலம் என்று எந்தப் பெயரில் அழைத்தாலும் அங்கே ஆழம் போதாது. பெரிய கப்பல் கடக்க முடியாது. ஆகவே சென்னைக் கப்பல் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கமாக இறங்கி, தீவின் தென்முனையான தேவேந்திரமுனையைச் சுற்றி, காலியைத் தாண்டி மேலேறித்தான் கொழும்புக்கு வர வேண்டும். அதாவது இலங்கையைக் கடிகார முள் சுற்றும் திசையில் வருகிறது. அப்படிச் சுற்றுகிற எவருக்கும் தீவு வலக்கைப் பக்கம்தான். கொச்சிக் கப்பலுக்கு இந்தச் சுற்று கிடையாது. கன்னியாகுமரியைத் தாண்டி நேரே தென்கிழக்காக வருவதால் முதலில் கேரளக் கரையும் பிறகு இலங்கையும் இடப்பக்கமாகவே வந்து சேர்கின்றன. (கப்பலில் இடம், வலம் என்பது முன்னணியத்தை, அதாவது கப்பலின் முன்முனையைப் பார்த்து நிற்பவருடையது. நீங்கள் திரும்பி நின்றாலும் அது மாறாது.)

இதில் ஒரு சங்கடம் உண்டு. பாக்கு நீரிணை வழி அடைபட்டிருப்பதால், சென்னைக்குத் திரும்பும் கப்பல் தீவைச் சுற்றி முடிக்க முடியாது. வந்த வழியே போக வேண்டும். போகும்போது வலப்பக்கம் கரை பார்த்தவர் திரும்பும்போது வெறும் கடலைப் பார்ப்பார். ஆக, ஒரே அறையில் போய்வருகிறவர் வருகைக் காட்சியா புறப்பாட்டுக் காட்சியா என்று ஒன்றைத் தெரிவு செய்தாக வேண்டும்.

கொழும்பைப் பொறுத்தவரை இதற்கு விடை இருக்கிறது. ஆனால் அதற்கு முன், கரை இருக்கும் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கரை தெரிந்துவிடுமா என்று பார்க்க வேண்டும். பூமி உருண்டை. கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானம் எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று வரும். 25 மீட்டர் உயரத்துப் பல்கனியில் நிற்பவருக்கு 5 தர 3.57, கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். பார்க்கிற பொருளும் உயரமாக இருந்தால் அதற்கும் இதே கணக்கைப் போட்டுக் கூட்டிக்கொள்ளலாம். தேவேந்திரமுனை வெளிச்சவீடு 49 மீட்டர் உயரம். 7 தர 3.57 என்றால் 25. இரண்டையும் கூட்டினால் 43 கிலோமீட்டர் தொலைவிலேயே அதன் உச்சி அடிவானத்துக்கு மேல் வந்துவிடும். காற்று ஒளியைக் கொஞ்சம் வளைத்துத் தருவதால் உண்மையில் நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதலாகவே கிடைக்கும்.

வர்க்கமூலம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உயரத்தை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாவதில்லை, ஏறத்தாழ நாற்பது வீதம்தான் கூடும். மேல்தட்டு அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கிற காசு அந்த அளவுக்குக் காட்சியைத் தராது. கப்பல் உருளும்போது மேல்தட்டுதான் அதிகம் ஆடும் என்பதும் கூட இருக்கிறது. என்னைக் கேட்டால், தட்டை விடப் பக்கத்துக்குக் காசு கொடுப்பதே புத்தி.

கொழும்பின் தாமரைக் கோபுரம் 350 மீட்டர் உயரம். கணக்குப்படி 85 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே அதன் நுனி தெரிய வேண்டும். 60 கிலோமீட்டரில் அடிப்பக்கத்து 140 மீட்டர் அளவு கடலுக்குக் கீழே மறைந்திருக்கும், மீதி மேலே நிற்கும். 20 கிலோமீட்டரில் ஏறத்தாழ முழுக் கோபுரமும் தெரியும். அங்கிருந்து அதன் உயரம் ஒரு பாகை, கையை நீட்டிப் பிடித்த சுண்டுவிரலின் அகலம். ஆனால் கணிதம் சொல்வதையெல்லாம் காற்று காட்டிவிடாது. கடலுக்கு மேல் உப்புத் துகளும் ஈரமும் எப்போதும் மிதக்கின்றன. அவை ஒளியைச் சிதறடித்து, தூரத்துப் பொருளுக்கும் வானத்துக்கும் உள்ள வேறுபாட்டை அழித்துவிடுகின்றன. கோபுரம் அடிவானத்துக்கு மேலே இருந்தும் தெரியாமல் போவது இதனால்தான்.

அந்தத் துகள்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒளியை எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறடிக்காமல், ஒளி போய்க்கொண்டிருந்த திசையிலேயே பெரும்பகுதியைத் தள்ளுகின்றன. சூரியனுக்கு எதிர்முகமாகப் பார்த்தால் புகார், அதாவது இந்தத் துகள்களாலான மங்கல், பளபளவென்று வெளுத்து, பின்னாலிருப்பதை விழுங்கிவிடும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு பார்த்தால் அதே புகார் அவ்வளவாகக் கண்ணில் படாது.

இப்போது கொழும்பு எந்தக் கரையில் இருக்கிறது என்று யோசியுங்கள். மேற்குக் கரை. உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் விடிகாலையில் வந்து மாலையில் போகிறவை. காலையில் நீங்கள் கடலிலிருந்து கிழக்கே நகரத்தைப் பார்க்கிறீர்கள். சூரியன் நகரத்துக்குப் பின்னால் எழும்புகிறது. கோட்டைப் பகுதியின் உயர்ந்த கட்டடங்கள் எல்லாம் வெளிறிய சாம்பல் நிறத்தில், முகம் தெரியாமல் நிற்கும். மாலையில் காட்சி தலைகீழாகிறது. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், கடலின் மேல். அடிவானத்தை ஒட்டிய சூரியனின் ஒளி, உச்சிச் சூரியனின் ஒளி கடப்பதைப் போல சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம், சிவப்பைவிட நான்கு மடங்குக்கு மேல் சிதறிப்போய், மிஞ்சுவது மஞ்சளும் செம்மஞ்சளும். அது நேரே நகரத்தின் கடல்முகத்தில் விழுகிறது.

எனவே கொழும்புக்கு நான் சொல்லும் விடை: புறப்பாட்டுக்கு அறை எடுங்கள், வருகைக்கு அல்ல. அடுத்த துறைமுகம் எது என்பதுதான் பக்கத்தை முடிவு செய்யும். அம்பாந்தோட்டை, சென்னை, சிங்கப்பூர் என்று தெற்கே இறங்குகிற கப்பலில் இடப்பக்கம். காலிமுகத்திடல், கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை, கல்கிசை என்று கடலோரத் தண்டவாளத்தின் ஊர்கள் எல்லாம் வரிசையாக வரும். வெள்ளவத்தையில் மாடிவீட்டில் இருக்கும் சொந்தக்காரருக்குக் கைகாட்டலாம், அவருக்குத் தெரியாது என்றாலும். கொச்சி, மும்பை நோக்கி வடக்கே போகிற கப்பலில் வலப்பக்கம். ஆனால் அந்தப் பக்கம் கரை தாழ்ந்தது, சீக்கிரமே தென்னைகளின் மெல்லிய கோடாகிவிடும். சூரியன் கடலில் இறங்குவதைத்தான் பார்க்க வேண்டும் என்பவர் மறுபக்கத்தை எடுக்கட்டும். அதை காலிமுகத்திடலில் இறால் பதித்த இஸ்ஸோ வடை சாப்பிட்டுக்கொண்டே இலவசமாகப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

வருகையை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. டிசம்பர் முதல் மார்ச் வரையான தெளிந்த விடியலில், எதிர்வெளிச்சம் கெடுக்காத, உண்மையில் எதிர்வெளிச்சம் தேவைப்படுகிற ஒரு காட்சி உண்டு: சிவனொளிபாதமலை. 2,243 மீட்டர் உயரம். கொழும்புக்கு வெளியே கடலிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர், கிழக்கிலிருந்து சற்றே தெற்கே. அவ்வளவு தூரத்திலும் பூமியின் வளைவு மறைப்பது அடிப்பக்கத்து 250 மீட்டரை மட்டும்தான். விடியல் வானத்துக்கு முன்னால் அந்தக் கூம்பு ஒன்றரைப் பாகை உயரத்துக்கு, மூன்று முழுநிலவுகளை அடுக்கிய அளவில், கருமையாக நிற்கும். வெயில் ஏறியதும் புகாரில் கரைந்துவிடும். பழைய மாலுமிகள் தீவை அடையாளம் கண்டது இந்த மலையை வைத்துத்தான்.

சரி, அறையிலிருந்து ஒரு காட்சி எவ்வளவு நேரம் கிடைக்கும்? கப்பல் 18 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 33 கிலோமீட்டரில், கரையிலிருந்து 5 கிலோமீட்டர் தள்ளிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பல்கனிக் கம்பியில் சாய்ந்தால் முன்னும் பின்னும் அறுபது அறுபது பாகை பார்க்கலாம். ஒரு கட்டடம் அரை மணி நேரம் கண்ணில் இருக்கும். பல்கனி இல்லாத கண்ணாடி ஜன்னலில் முப்பது முப்பது பாகைதான் என்றால், பத்து நிமிடம். நேர்பக்கமாக வருகிறவற்றுக்கே இந்தக் கணக்கு. கப்பல் துறைமுக வாயிலிலிருந்து நேரே வெளியே போகிற அந்தச் சில நிமிடங்களில் நகரம் இருப்பது பின்பக்கம். அப்போது இடமும் இல்லை, வலமும் இல்லை, கப்பலின் பின்முனையான பின்னணியத்து அறைக்காரருக்கே யோகம். மற்றவர்கள் மேல்தட்டுக்கு ஏறிவிடுவது நல்லது.

துறைமுகத்துக்குள் கட்டி நிற்கும்போது என்ன தெரியும் என்பது வேறு கதை. கொழும்பின் தென்மேற்கு அலைதடுப்புக்கு 1875இல் அடிக்கல் வைத்து 1885இல் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் நடுத் துறைமுகத்தில் மிதவைகளில் கட்டி நின்றன, பயணிகள் படகில் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் காட்சிதான். இன்று கப்பல் இறங்குதுறையை ஒட்டி நிற்கிறது. ஒரு பக்கத்துக்குக் கொள்கலன்களும் பாரந்தூக்கிகளும் கிடைக்கலாம். மறுபக்கத்துக்குக் கோட்டையும் புறக்கோட்டையும். எது எதற்கு என்பதை முன்கூட்டி யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். காற்று, இழுவைப் படகு, ஏணி வைக்கும் கதவு, எந்த இறங்குதுறை காலி என்பவற்றைப் பார்த்து துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டும் கப்டனும் அன்றே முடிவெடுக்கிறார்கள். மாலையில் சட்டென்று கிளம்ப வசதியாகக் கப்பலை உள்ளேயே திருப்பி, முகம் வெளியே பார்க்கக் கட்டுவதும் உண்டு. அப்போது இடமும் வலமும் மாறிப்போகும்.

ஆனால் ஊகிக்க ஒரு வழி இருக்கிறது. 2004இன் இறுதியிலிருந்து சர்வதேசப் பயணிகள் கப்பல்கள் எல்லாம் ஏஐஎஸ் என்ற தானியங்கி அடையாளக் கருவியை வைத்திருக்க வேண்டும். அது கப்பலின் இருப்பிடத்தோடு, முகம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் ஒலிபரப்புகிறது. மரைன் டிராபிக் போன்ற இணைய வரைபடங்களில் இதை யாரும் பார்க்கலாம். உங்கள் கப்பலோ அதே அளவுள்ள வேறொன்றோ கொழும்பில் நிற்கிற நாளில் பாருங்கள். இறங்குதுறை எந்தப் பக்கம், முகம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டால் கோட்டை எந்த அறைக்குத் தெரியும் என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் பணம் கட்டுமுன் தட்டு வரைபடத்தைத் திறந்து, கப்பலின் முகத்தை எந்தப் பக்கம் வரைந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உங்கள் ஜன்னலுக்கு நேரே உயிர்காப்புப் படகு தொங்குகிறதா என்றும் பாருங்கள். தொங்கினால் எந்தப் பக்கம் எடுத்தும் படகின் முதுகைத்தான் பார்க்கப் போகிறீர்கள்.