நாற்பது பவுண்டு குதிரையும் நூறு பவுண்டு பாஸ்போர்ட்டும்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ் அக்கா இங்கிலாந்தின் தென்மேற்கில் ஒரு குதிரைச் சந்தையில் இருந்து போன் செய்தார். "தம்பி, பாப்பாவுக்கு மட்டக்குதிரை வாங்கியாச்சு. எவ்வளவுன்னு நினைக்கிற? நாப்பது பவுண்டு!" நான் கேட்ட முதல் கேள்வி, "பாஸ்போர்ட் குடுத்தாங்களாக்கா?" இங்கே குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு, அதன் அடையாளம் எழுதிய புத்தகம். ஏதோ ஒரு சின்ன புத்தகம் கொடுத்தார்களாம். ஏலக் களத்துக்குள் வாங்கவில்லை, வெளியே வண்டிகள் நிற்கும் இடத்தில், ஒரு ஆளிடம், ரொக்கமாக.

மறுநாள் போய்ப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் இருப்பது பழுப்பு நிறத்தில் காயடித்த ஆண் குதிரை, வயது பதிமூன்று. கொல்லையில் நிற்பது சாம்பல் நிறப் பெட்டை, பல்லைப் பார்த்தால் நாலு வயது இருக்கும். சில குதிரைகளுக்கு வயதாக ஆக நிறம் வெளுக்கும், சரி. ஆண் பெண்ணாகாது.

நான் வார இறுதிகளில் ஒரு குதிரைக் காப்பகத்தில் சாணி அள்ளப் போகிறவன். வருடத்துக்கு நாலைந்து குடும்பங்களாவது இப்படி மாட்டிக்கொள்வதைப் பார்க்கிறேன், அதில் நம் ஆட்களும் உண்டு, லண்டன் வாடகை தாங்காமல் கிராமத்துப் பக்கம் வந்து வீட்டோடு கொஞ்சம் புல்லும் கிடைத்தவர்கள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கிலாந்தின் விதி மட்டும்தான் இது. வேல்ஸிலும் ஸ்காட்லாந்திலும் ஏறக்குறைய இதேதான், தேதிகள் மாறும்.

விலை ஏன் இவ்வளவு மட்டம் என்றால், குட்டிகள் அதிகம், வாங்குகிறவர்கள் குறைவு. காலி நிலம் கிடக்கிறதே என்று பெட்டையோடு பொலிக்குதிரையை விட்டுவிட்டால் பதினோரு மாதத்தில் குட்டி, அடுத்த வருடம் இன்னொன்று. 2008-க்குப் பிறகு காசு இறுகியதும் சந்தையில் வாங்க ஆள் இல்லை, ஆனால் குட்டி போடுவது நிற்கவில்லை. டார்ட்மூர் மேட்டுநிலத்துக் குட்டிகள் பத்து பவுண்டுக்கும் அதற்குக் கீழேயும் போன காலம் உண்டு. நியூ ஃபாரஸ்ட் காட்டில் இதைப் புரிந்துகொண்டு, பொலிக்குதிரைகளை வருடத்தில் சில வாரங்கள் மட்டும், அதுவும் எண்ணிச் சிலதை மட்டும் விடுகிறார்கள். டார்ட்மூரில் கருத்தடை ஊசி வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். கட்டுப்பாடே இல்லாமல் பெருகுவது பெரும்பாலும் தனியார் புல்வெளிகளில்தான், அங்கே கேட்பாரில்லை.

விதி சுருக்கமாக. இங்கே குதிரை, மட்டக்குதிரை, கழுதை எதுவானாலும் பாஸ்போர்ட் வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் எந்த வயதுக் குதிரைக்கும் மைக்ரோசிப்பும் (உடலுக்குள் வைக்கும், அடையாள எண் கொண்ட சின்னச் சில்லு) கட்டாயம். பாஸ்போர்ட் இல்லாமல் குதிரையை விற்பது சட்டப்படி குற்றம். வாங்கியவர் 30 நாளுக்குள் பாஸ்போர்ட்டைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். சிப் இல்லாமல் பிடிபட்டால் 200 பவுண்டு வரை அபராதம் வரலாம். அவ்வளவுதான் விதி. கேட்க எவ்வளவு எளிதாக இருக்கிறது பாருங்கள்.

இனி நிஜத்தில் நடப்பதைச் சொல்கிறேன்.

முதல் ஏமாற்று, "பாஸ்போர்ட் தபாலில் வரும்" என்பது. வராது. நான் பார்த்தவரை ஒருமுறைகூட வந்ததில்லை. விற்கிறவர் குதிரையோடு பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தே ஆகவேண்டும், அதில் பேரமே இல்லை. "மேட்டுநிலக் குதிரைக்குச் சிப் தேவையில்லை, சட்டமே அப்படித்தான்" என்று இன்னொரு பேச்சு வரும், இதில் பாதி உண்மை கலந்திருப்பதால் இது இன்னும் மோசம். டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட், விக்கன் ஃபென் பகுதிகளில் திரியும் அரைக்காட்டுக் குதிரைகளுக்கு அந்த எல்லைக்குள் இருக்கும்வரை விலக்கு உண்டு. எல்லையைத் தாண்டி உங்கள் கொல்லைக்கு வருகிற நிமிடத்தில் அந்த விலக்கு முடிந்தது. விற்கிறவருக்கு இது நன்றாகத் தெரியும், உங்களுக்குத் தெரியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அடுத்து, புத்தகம் கையில் இருக்கிறது என்பதற்காக அந்தப் புத்தகம் அந்தக் குதிரையுடையது என்று நம்பிவிடாதீர்கள். சிப் எண் 15 இலக்கம். கழுத்தின் இடது பக்கம், பிடரி மயிருக்குக் கீழே இருக்கும். ஸ்கேனர் வைத்திருப்பவர் யாராவது சந்தையில் இருப்பார், காசு கொடுக்கும் முன் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வரும் எண்ணைப் பாஸ்போர்ட்டில் உள்ள எண்ணோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள், பிறகு மத்திய குதிரைப் பதிவேட்டின் இணையதளத்தில் சிப் செக்கர் என்று இருக்கிறது, இலவசம், போனிலேயே தட்டிப் பார்க்கலாம். திருட்டுக் குதிரை என்று யாராவது பதிவு செய்திருந்தாலும் அதில் தெரியும். பாஸ்போர்ட்டில் ஒரு குதிரைப் படம் வரைந்து நெற்றி வெள்ளை, கால் வெள்ளை, சுழி எல்லாம் குறித்திருந்தால் அதையும் பாருங்கள். நம்மூரில் ராசிக்குச் சுழி பார்ப்பார்கள், இங்கே ஆள் அடையாளத்துக்கு. தாத்தா சொல்லிக்கொடுத்தது ஏதாவது நினைவிருந்தால் இதுதான் பயன்படுத்தும் இடம்.

இன்னொன்று, பாஸ்போர்ட் உரிமைப் பத்திரம் கிடையாது. பெயர் போட்டிருப்பதால் மட்டும் அவர்தான் சொந்தக்காரர் என்று ஆகாது. எனவே ரசீது வாங்குங்கள், ஒரு துண்டுக் காகிதமானாலும் சரி: தேதி, தொகை, சிப் எண், விற்றவர் பெயர் முகவரி, கையெழுத்து. அவருடைய வண்டி எண்ணை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். அக்காவிடம் இதில் எதுவுமே இல்லை. அந்த ஆள் கொடுத்த போன் எண் திங்கட்கிழமையே உயிரோடு இல்லை. ஏலத்தில் முறையாக வாங்கினால்கூட கடையில் வாங்கியதுபோல் திருப்பிக் கொடுக்கும் பாதுகாப்பு இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏலத்தின் நிபந்தனைத் தாளை முதலிலேயே படியுங்கள். சில சந்தைகளில் விலை கினியில் சொல்வார்கள், ஒரு கினி 1.05 பவுண்டு, அதற்கு மேல் வாங்குபவர் கட்டணமும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, வாங்கியாயிற்று, பாஸ்போர்ட் தப்பு அல்லது இல்லவே இல்லை. இப்போது என்ன?

இங்கேதான் அலைச்சல் தொடங்கும். அரசுத் துறை பாஸ்போர்ட் கொடுப்பதில்லை. அதற்கென்று அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் நாடெங்கும் டஜன்கணக்கில் இருக்கின்றன, பாதி அந்தந்தக் குதிரை இனத்துக்கான சங்கங்கள். அக்கா முதலில் அழைத்த இடத்தில் "எங்கள் இனமாக இருந்தால்தான்" என்றார்கள். இரண்டாவது இடத்தில் பழைய சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில் கவுன்சிலைக் கேளுங்கள் என்றார்கள், கவுன்சிலில் பாஸ்போர்ட் அமைப்பைக் கேளுங்கள் என்றார்கள். இரவு டூட்டி முடித்துவிட்டுத் தூங்காமல் இரண்டு வாரம் இப்படியே போன் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷி. செய்ய வேண்டியதை யாராவது ஒருவர் நாலு வரியில் சொல்லியிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும்.

அந்த நாலு வரி இதுதான். அரசு இணையதளத்தில் பாஸ்போர்ட் அமைப்புகளின் பட்டியல் இருக்கிறது, அதில் "இனம் தெரியாத குதிரைக்கும் கொடுக்கிறோம்" என்று சொல்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தைத் தரவிறக்கிக்கொண்டு கால்நடை டாக்டரை வரச் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று முதலில் ஸ்கேன் செய்வார், இல்லையென்றால் புதிதாகப் போட்டு, அடையாளங்களை விண்ணப்பத்தில் குறித்துக் கையெழுத்திடுவார். சிப் போடுவது டாக்டரின் வேலை, ஆன்லைனில் சிப் வாங்கி நாமே குத்திக்கொள்ளக் கூடாது. தப்பான பாஸ்போர்ட்டை அதைக் கொடுத்த அமைப்புக்கே நடந்ததை எழுதித் திருப்பி அனுப்புங்கள், அனுப்பும் முன் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுங்கள். விற்றவர் மீது புகார் என்றால் உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ், அதாவது வியாபார மோசடிகளைக் கவனிக்கும் கவுன்சில் பிரிவு. போனில் சொன்னால் மறந்துவிடுவார்கள், மின்னஞ்சலில் எழுதிக் குறிப்பு எண் கேளுங்கள்.

டாக்டர் வந்துபோகும் கூலி, சிப், பாஸ்போர்ட் கட்டணம் மூன்றும் சேர்ந்து நூறு பவுண்டை எளிதாகத் தாண்டிவிடும். குதிரை நாற்பது, காகிதம் நூறு! மலிவான குட்டிகளைக் காகிதம் இல்லாமல் தள்ளிவிடுவதற்குக் காரணமும் இதுவேதான். பத்து பவுண்டுக்கு விற்கும் குட்டிக்கு நூறு பவுண்டு செலவழிக்க எவனுக்கு மனம் வரும்? விதி எழுதியவர்கள் சந்தைப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

இப்படித் தாமதமாக வாங்கும் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழும், அந்தக் குதிரை மனித உணவுக்கு ஆகாது என்று. 2013-ல் மாட்டிறைச்சி என்று விற்றதில் குதிரை இறைச்சி கலந்திருந்தது வெளிவந்த பிறகு இதில் ரொம்பக் கறார். வலிக்குக் கொடுக்கும் பியூட் மருந்து ஒருமுறை கொடுத்தாலும் இதே முத்திரைதான், வாழ்நாளுக்கும். நம்மில் பலருக்கு இதைப் படிக்கவே சங்கடமாக இருக்கும், குதிரையை யார் சாப்பிடப் போகிறார்கள் என்று. விஷயம் அதுவல்ல. கடைசிக் காலத்தில் கசாப்புக்குப் போக முடியாத குதிரைக்கு அடிவிலை என்று ஒன்று கிடையாது. கருணைக்கொலை, உடலை அப்புறப்படுத்துவது இரண்டுக்கும் உங்கள் கையிலிருந்து சில நூறு பவுண்டு போகும். அதைக் கொடுக்க மனமில்லாதவர்கள்தான் இரவோடு இரவாக அடுத்தவர் நிலத்தில் குதிரையை அவிழ்த்துவிட்டுப் போகிறார்கள்.

உங்கள் நிலத்தில் அப்படி ஒன்று வந்து நின்றால், 2015-ன் குதிரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. குதிரையைப் பிடித்து வைத்த 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டும், சொந்தக்காரர் யாரென்று தெரிந்தால் அவருக்கும். சனி ஞாயிறு, வங்கி விடுமுறை கழித்து 96 மணி நேரம் யாரும் வரவில்லை என்றால் குதிரை உங்களுடையது, விற்கலாம், காப்பகத்துக்குக் கொடுக்கலாம். அதுவரை தண்ணீர், தீவனம் உங்கள் பொறுப்பு. போலீஸ் "இது சிவில் விவகாரம்" என்று போனை வைக்கப் பார்ப்பார்கள். சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லி, தகவல் பதிந்த எண்ணையும் நேரத்தையும் வாங்கிக்கொண்டு வையுங்கள், அந்த நேரம்தான் பின்னால் உங்களுக்குச் சாட்சி.

நிலம் பற்றியும் ஒன்று. விவசாய நிலத்தில் குதிரை வெறுமனே மேய்வது வேறு, அதைச் சவாரிக்கு வைத்து, தீவனம் போட்டு, கொட்டகை கட்டுவது வேறு. இரண்டாவதற்கு நிலப் பயன்பாட்டு அனுமதி தேவைப்படலாம். பக்கத்து வீட்டுக்காரர் கவுன்சிலுக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், உங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

ஆண் குட்டி வாங்கினால் காயடித்ததா என்று கேட்காமல், டாக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வயதுகூட ஆகாத குட்டியே பெட்டையைச் சினையாக்கிவிடும். பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி என்ற குதிரை நலத் தொண்டு அமைப்பு அவ்வப்போது குறைந்த செலவில் முகாம் நடத்துகிறது, காயடித்தல், சிப், பாஸ்போர்ட் எல்லாம் ஒரே இடத்தில். உங்கள் பக்கம் எப்போது வருகிறது என்று கேட்டுவையுங்கள். வாங்கவே வேண்டாம், பிள்ளை ஆசைக்கு ஒரு மட்டக்குதிரை போதும் என்றால் காப்பகங்களில் கேளுங்கள். சொந்தம் அவர்களிடமே இருக்கும், வளர்ப்பது நீங்கள், முடியாமல் போனால் திருப்பிக் கொடுக்கலாம். காகிதம் எல்லாம் சரியாக இருக்கும். வீடு வந்து பார்ப்பார்கள், நூறு கேள்வி கேட்பார்கள், அதைக் கண்டு கோபப்படாதீர்கள்.

அக்காவின் பெட்டைக்கு டிசம்பரில் சரியான பாஸ்போர்ட் வந்தது. சிப் போட வந்த டாக்டர் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, எதற்கும் ஸ்கேன் செய்துவிடலாம் என்றார். ஜூன் 2-ம் தேதி விடியற்காலை குட்டி போட்டது, ஆண். குட்டிக்குப் பிறந்த ஆறு மாதம் அல்லது அந்த வருட நவம்பர் 30, இதில் எது பிந்தியதோ அதற்குள் பாஸ்போர்ட் வாங்கிவிட வேண்டும். இந்தக் குட்டிக்கு டிசம்பர் 2. அக்கா அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதி முருகன் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார், கீழே காயடிக்கும் முகாமின் தேதியும் இருக்கிறது.