வெந்த எருவும் வேகாத எருவும்

பெங்களூர் அல்சூரில் மாடித்தோட்டம் வைத்திருக்கும் ஒரு வாசகி சென்ற மாதம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். ஓசூர்ப் பக்கத்திலிருந்து டெம்போவில் வரும் சாணத்தை மூட்டையாக வாங்கி, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளிகளில் ஆறு மாதம் மக்க வைத்து, அதன் பிறகே அவர் கீரைத் தொட்டிகளில் இடுகிறார். ஆனால் அந்தத் தொட்டிக் கொத்தமல்லியைக் கோசம்பரியில் (ஊறவைத்த பருப்புக் கலவை) பச்சையாகத் தூவி மூன்று வயதுப் பேத்திக்குக் கொடுக்கக் கூடாது என்று மருமகள் தடுக்கிறார். "எங்கள் அப்பா எருக்குழியிலிருந்து அள்ளிப் போட்டுத்தான் பயிர் செய்தார், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, யார் சொல்வது சரி?" என்பது கேள்வி. மருமகள் சொல்வதே சரி என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் அப்பாவின் எருக்குழியில் நடந்திருக்கக்கூடிய ஒன்று மகளின் வாளியில் நடப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அந்தப் பதில் நியாயமாகாது.

சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்போம். கோழி எச்சத்தில் சால்மோனெல்லாவும் கேம்பைலோபாக்டரும் இருக்கலாம். ஆட்டுப் புழுக்கையில் இருக்கக்கூடிய காக்ஸியெல்லா காற்றிலேயே பரவும், 2007 முதல் 2010 வரை நெதர்லாந்தில் ஆட்டுப் பண்ணைகளைச் சுற்றி நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு அது 'கியூ காய்ச்சலை' உண்டாக்கியது. நாய், பூனை மலத்தில் வரும் ஒட்டுண்ணிகளுக்காக அவற்றைத் தோட்டத்தின் பக்கமே கொண்டுவரக் கூடாது. மாட்டுச் சாணத்தைப் பொறுத்தவரை முதலில் அஞ்ச வேண்டியது ஈ. கோலை ஓ157 என்ற வகை. 1982இல் முதன்முதலாக நோய்க்கிருமியாக அடையாளம் காணப்பட்ட இது, மாட்டின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. ஏனென்றால் இது சுரக்கும் ஷிகா நச்சு ஒட்டிக்கொள்வதற்கான மூலக்கூறு மாட்டின் இரத்தக் குழாய்ச் சுவர்களில் இல்லை. மனிதருக்கோ அது சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ஏராளமாக உண்டு. நூறுக்கும் குறைவான கிருமிகள் வயிற்றுக்குள் போனாலே நோய் வரலாம், சிறு குழந்தைகளில் சிலருக்கு அது சிறுநீரகச் செயலிழப்பு வரை போகும் என்பதால்தான் பேத்தியின் வயது இங்கே முக்கியமாகிறது. 1992இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், இறைச்சியே உண்ணாத ஒரு பெண்மணியின் வீட்டையொட்டி இந்தத் தொற்று ஏற்பட்டபோது, அவர் தம் சொந்தப் பசு, கன்றின் சாணத்தை இட்டு வளர்த்த காய்கறித் தோட்டத்தில்தான் விசாரணை போய் நின்றது.

இனி எருக்குழிக்கு வருவோம். சென்ற டிசம்பரில் ஆனேக்கல் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணைக்கு விடியற்காலையில் போயிருந்தேன். தொழுவத்துக்குப் பின்னால், இடுப்பு உயரத்துக்குச் சாணமும் வைக்கோல் கூளமும் கலந்து குவித்திருந்த மேட்டின் உச்சியிலிருந்து, இட்லிப் பானையின் மூடியைத் திறந்தது போல ஆவி போய்க்கொண்டிருந்தது. பண்ணைக்காரர் கையை விட்டுப் பாருங்கள் என்றார். மணிக்கட்டு நுழைவதற்குள் இழுத்துக்கொண்டேன். எடுத்துப் போயிருந்த நீண்ட ஊசி வெப்பமானியைச் செருகியபோது அது 62 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாங்கள் நின்றிருந்த இடத்திலோ வெளிக்காற்று 15 டிகிரிதான். கீழே அடுப்பு இல்லை, வெயில் இன்னும் ஏறவில்லை. அந்தச் சூடு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மூச்சுவிட்டதால் வந்தது.

ஒரு கிராம் குளுக்கோஸ் ஆக்சிஜனுடன் முழுமையாகச் சேர்ந்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 16 கிலோஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை ஏறத்தாழ 4 டிகிரி சூடாக்க அது போதும். பாக்டீரியா தன் உடலைக் கட்டிக்கொள்ள அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, ஏறத்தாழப் பாதி வெப்பமாகக் கைநழுவிப் போகிறது. நம் உடலிலும் இதுவேதான் நடக்கிறது, ஆனால் நமக்கு வியர்வை உண்டு. குவியலின் நடுவில் இருக்கும் பாக்டீரியாவுக்கு வெப்பத்தைத் தள்ளிவிட வழியில்லை, சுற்றியுள்ள கூளம் கம்பளி போலப் போர்த்தியிருக்கிறது. ஆகவே முதல் இரண்டு மூன்று நாட்களில், மிதமான சூட்டில் வாழும் கூட்டம் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் தின்று தின்று குவியலை 40, 45 டிகிரிக்கு ஏற்றிவிட்டு, தான் உண்டாக்கிய சூட்டிலேயே தான் வாழ முடியாமல் ஒடுங்கிப்போகிறது. அதுவரை மூலையில் சுருண்டு கிடந்த, சூட்டை விரும்பும் கூட்டம் அந்த இடத்தில் எழுந்து, குவியலை 60, 65 டிகிரி வரை கொண்டுபோகிறது. வெந்நீர் ஊற்றுகளில் வாழும் தெர்மஸ் இனத்தின் உறவுக்காரர்களைக்கூட இத்தகைய குவியல்களில் கண்டெடுத்திருக்கிறார்கள். 70 டிகிரியைத் தாண்டினால் இந்தக் கூட்டத்தில் பெரும்பாலோருக்கும் ஆகாது. ஆகவே குவியல் தானே தன்னை அடக்கிக்கொள்கிறது. எனக்கு இந்தப் பதவி மாற்றத்தை எத்தனை முறை படித்தாலும் அலுப்பதில்லை.

இந்த ஏற்பாட்டில் மாட்டிக்கொள்வது குடல்வாழ் கிருமிகள்தான். மாட்டின் உடற்சூடான 38.5 டிகிரிக்கும் நம் உடற்சூடான 37 டிகிரிக்கும் பழகிய அவற்றின் புரதங்கள், முட்டை வெள்ளைக்கரு வெந்து கட்டியாவது போல, 55 டிகிரியில் உரு மாறிவிடுகின்றன, சவ்வும் கசியத் தொடங்குகிறது. ஈரமான சூட்டில் ஈ. கோலையும் சால்மோனெல்லாவும் ஒரு மணி நேரம் போலத் தாக்குப்பிடிப்பதே அரிது. மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கக்கூடிய உருண்டைப்புழு முட்டைகளும் இந்தச் சூட்டில் செத்துப்போகின்றன. பிறகு ஏன் அமெரிக்க இயற்கை வேளாண் விதிகள், திறந்தவெளி வரிசைக் குவியல் 55 டிகிரிக்கு மேல் 15 நாட்கள் இருக்க வேண்டும், அதற்குள் ஐந்து முறையாவது புரட்டிப்போட வேண்டும் என்று கேட்கின்றன? ஓரங்கள் வேகாது என்பதே காரணம். மேலிருந்து ஒரு சாண் ஆழம் வரை காற்றுப்பட்டு ஆறிக் கிடக்கும் அந்தப் பகுதியைப் புரட்டி உள்ளே தள்ளாவிட்டால், வெந்த பகுதி ஆறியபின் அங்கிருந்தே கிருமிகள் மீண்டும் உள்ளே குடியேறலாம்.

வாசகியின் அப்பா புரட்டினாரோ இல்லையோ, அவருடைய குவியல் பெரியது. ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள குவியலில் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 6 சதுர மீட்டர் வெளிப்பரப்பு இருக்கிறது, 30 செ.மீ. கனச்சதுரமாகிய ஒரு வாளியில் அதே கணக்கு 20 சதுர மீட்டராகிறது. சூடு உண்டாவது கன அளவைப் பொறுத்தது, இழப்பது பரப்பைப் பொறுத்தது. ஆகவே வாளியில் பாக்டீரியா எவ்வளவு உழைத்தாலும் அந்தச் சூடு பெங்களூர்க் காற்றில் கரைந்துவிடுகிறது. மூடி வைத்தால் ஆக்சிஜனும் குறைந்து உழைப்பே மந்தமாகிறது. என் மாடியில் இரண்டு மாதமாக மக்கிக்கொண்டிருந்த வாளியில் அதே வெப்பமானியை வைத்துப் பார்த்தேன், 27 காட்டியது. அதிலுள்ளதும் கறுத்துப் பொடிந்து, மழை பெய்த மண் போல மணந்து, பார்வைக்கு அசல் தொழு எருவாகத்தான் இருந்தது. மக்குவது வேறு, வெந்து மக்குவது வேறு. கண்ணும் மூக்கும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்காது. வேகாமல் மக்கும் எருவிலும் கிருமிகள் நாளாவட்டத்தில் குறையும், ஆனால் எத்தனை நாளில் எவ்வளவு என்பது ஈரத்தையும் சூட்டையும் பொறுத்து மாறும்.

இதில் நம் ஊருக்கே ஒரு பங்கு உண்டு. வேளாண் பாடநூல்களில் இந்தூர் முறைக்கு அடுத்து வரும் 'பெங்களூர் முறை', 1939 வாக்கில் இங்குள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. என். ஆச்சார்யா வகுத்தது. நகரக் குப்பையையும் மனித மலத்தையும் குழியில் அடுக்கடுக்காக இட்டு, முதல் எட்டுப் பத்து நாட்கள் காற்றோட்டத்தில் சூடேறவிட்டு, பிறகு மண்ணால் பூசி மூடி ஆறு முதல் எட்டு மாதம் அப்படியே விட்டுவிடுவார்கள். புரட்டும் வேலை இல்லை, தழைச்சத்து இழப்பும் குறைவு. அதாவது மூடுவதற்கு முன்னால் வேகவிடுவது அந்த முறையின் உயிர்நாடி; ஆறு மாதக் காத்திருப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தப் பத்து நாளை விட்டுவிட்டதுதான் நம் வாளிகளின் பிழை என்று எனக்குத் தோன்றுகிறது.

வெயிலில் உலர்த்திய சாணப்பொடிக்கும் இதே விதிதான், உலர்ந்ததெல்லாம் செத்ததாகாது. சாணம், கோமூத்திரம், வெல்லம், பயறு மாவு கலந்து இரண்டு நாள் ஊற வைக்கும் ஜீவாமிர்தத்தில் சூடு என்ற கட்டமே கிடையாது, வெல்லமோ நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாருக்கும் விருந்து வைக்கிறது. அதைப் பச்சையாகத் தின்னும் இலைகள்மேல் தெளிப்பதை நான் ஒப்பமாட்டேன். இப்படி எழுதினால், நாட்டுப் பசுவின் சாணமே கிருமிநாசினி என்று பாடம் எடுக்கும் கடிதங்கள் வரும். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியில் சாணம் பூசிய பழக்கம் எத்தனையோ சிசுக்களை இசிவு நோய்க்கு (டெட்டனஸ்) கொடுத்தது. தாய்சேய் இசிவு நோயை ஒழித்த நாடாக இந்தியா சான்று பெற்றது 2015இல்தான். 2020இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நாட்டுப் பசுவின் பொருள்களை ஆராயத் தனித் திட்டம் அறிவித்தபோது, அதைத் திரும்பப் பெறக் கோரி ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் கையெழுத்திட்டார்கள். அப்படிப்பட்ட பணத்தில் ஒரு சிறு பங்கை, நகரச் சாலையோரங்களில் விற்கும் எரு மூட்டைகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்குச் செலவிட்டால் இந்தக் கட்டுரையை இன்னும் உறுதியாக எழுதியிருப்பேன்.

வாசகி செய்யக்கூடியது சிக்கலானதல்ல. வேகாத எருவை மண்ணில் கலந்தால், மண்ணைத் தொட்டு விளைவதை 120 நாட்களுக்கும், மண் படாமல் மேலே காய்ப்பதை 90 நாட்களுக்கும் பிறகே அறுவடை செய்யலாம் என்பது அதே அமெரிக்க விதி. கீரையும் கொத்தமல்லியும் ஒன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடுவதால் அவற்றுக்கு இந்தக் கணக்கு ஒருபோதும் ஒத்துவராது. ஆகவே வாளி எரு செம்பருத்திக்கும் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் போகட்டும், பச்சையாகத் தின்பவற்றுக்கு வெந்த எருவோ காய்கறிக் கழிவிலிருந்து வந்த எருவோ போதும். அலசினால் போகாதா என்றால் முழுவதும் போகாது, இலைத்துளைகளிலும் கிள்ளிய ஓரங்களிலும் கிருமிகள் ஒதுங்கிவிடும். கொதிக்கும் ரசத்தில் போட்டால் போய்விடும்.

ஒன்றை மட்டும் வெந்த எருவும் தீர்க்காது. இசிவு நோய்க் கிருமி உறக்க வித்தாக மாறிக்கொண்டால் அதற்கு 62 டிகிரி ஒரு பொருட்டே அல்ல, சில நிமிடக் கொதிநீரைக்கூட அது தாண்டிவரும். கால்நடைச் சாணத்திலும் மண்ணிலும் அது சாதாரணமாகக் கிடக்கிறது. அதேபோல் ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை எருவின் சூட்டை விரும்பி வளர்வது, ஆதலால் காய்ந்த எருவைக் கிளறும்போது முகக்கவசம் அணிவது ஆஸ்துமாக்காரர்களுக்கு அவசியம். இசிவுக்குத் தடுப்பூசி இருக்கிறது, பத்தாண்டுக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டும். வாசகியிடம் கேட்டேன், கடைசியாகப் போட்டது மகன் பிறந்தபோதாம், மகனுக்கு இப்போது 34 வயது.