தனிக் கராஜுக்கு லைன் இழுத்தால்: நியூட்ரலும் கிரவுண்டும் சேரக் கூடாது

அமெரிக்காவில், வீட்டை ஒட்டாமல் தள்ளிக் கட்டிய கராஜுக்கோ ஷெட்டுக்கோ வீட்டுப் பேனலிலிருந்து மின்சாரம் கொண்டுபோனால் தேசிய மின் விதித்தொகுப்பின் 250.32 பிரிவு பொருந்தும். எந்த ஆண்டுப் பதிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும். பர்மிட் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கராஜில் வைக்கும் துணைப் பெட்டியான 240 வோல்ட் சப்-பேனலுக்கு நான்கு கம்பிகள் போக வேண்டும்: இரண்டு லைவ், ஒரு நியூட்ரல் (கரண்ட் திரும்பும் கம்பி), ஒரு கிரவுண்டு (பாதுகாப்புக்கான எர்த் கம்பி). ஃபீடருக்கு, அதாவது வீட்டுப் பேனலிலிருந்து சப்-பேனலுக்குப் போகும் லைனுக்கு, பிரேக்கர் 60 ஆம்பியர் என்றால் செம்புக் கிரவுண்டு குறைந்தது 10 கேஜ் (எண் குறைந்தால் கம்பி தடிமன்). 100 ஆம்பியருக்கு 8 கேஜ். தூரம் அதிகம் என்று லைவ் கம்பியைத் தடிமனாக்கினால், கிரவுண்டையும் அதே விகிதத்தில் தடிமனாக்க வேண்டும். பலர் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள்.

அஸ்திவாரக் கம்பி போன்ற எர்த் வசதி அங்கே இல்லையென்றால் 8 அடி எர்த் ராடை மண்ணில் அடிக்க வேண்டும். அதன் தடை 25 ஓமுக்குள் இருப்பதாக அளந்து காட்ட முடியாவிட்டால், குறைந்தது 6 அடி தள்ளி இன்னொன்று. அளப்பதைவிட இரண்டாவது ராடு மலிவு. ராடுக்கு 6 கேஜ் செம்புக் கம்பி போதும். கட்டடத்துக்கு ஒரே சர்க்யூட்தான், அதோடு கிரவுண்டும் வருகிறது என்றால் ராடே வேண்டாம்.

ராடு இருக்கும்போது கிரவுண்டு கம்பி எதற்கு என்று கேட்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லைவ் கம்பி கராஜில் உள்ள ரம்பத்தின் உலோக உடம்பில் பட்டுவிட்டது, ராடு மட்டும்தான் இருக்கிறது என்று வையுங்கள். 120 வோல்ட், 25 ஓம்: 5 ஆம்பியர்கூட மண் வழியே ஓடாது. 20 ஆம்பியர் பிரேக்கர் அசையாது, ரம்பத்தின் உடம்பில் கரண்ட் நிற்கும். ராடு மின்னலுக்கு, பிரேக்கரை விழவைப்பது கம்பி.

சப்-பேனலோடு வரும் பச்சை ஸ்க்ரூவைப் பழக்கதோஷத்தில் முடுக்கிவிடாதீர்கள். அது நியூட்ரல் பட்டையைப் பெட்டியோடு இணைத்துவிடும். அப்புறம் நியூட்ரல் கரண்டில் ஒரு பங்கு எப்போதும் கிரவுண்டு கம்பியில் ஓடும். நியூட்ரல் முனை தளர்ந்தால் மொத்தமும் அதில்தான் போகும், பிரேக்கருக்குத் தெரியவே தெரியாது. கிரவுண்டு கம்பிகளுக்குத் தனிப் பட்டை வாங்கிப் பெட்டியில் மாட்டுங்கள். பல பேனல்களோடு அது சேர்ந்து வராது.

சோதிக்க: மெயினில் ஃபீடரை அணைத்து, கரண்ட் இல்லை என்று மீட்டரில் உறுதிசெய்து, சப்-பேனலில் ஃபீடர் நியூட்ரலைக் கழற்றுங்கள். பிறகு இரண்டு பட்டைகளுக்கும் நடுவே தொடர்பு காட்டக் கூடாது. கழற்றாமல் அளந்தால், மெயின் பேனலில் நியூட்ரலும் கிரவுண்டும் இணைந்திருப்பதால் எப்போதும் காட்டும்.

2008 பதிப்புக்கு முன் முறைப்படி போட்ட, தனிக் கிரவுண்டு கம்பி இல்லாத மூன்று கம்பி ஃபீடர் அப்படியே தொடரலாம். ஆனால் இரண்டு கட்டடங்களையும் இணைத்து உலோகத் தண்ணீர்க் குழாய் ஒன்று பின்னால் போட்டாலே அந்தச் சலுகை போய்விடும்.